கழுவாமல் விட வேண்டிய ஒரு சாண்

போன மாதம், நான் வேலை பார்த்த ஆலையிலிருந்து இரண்டு ஆபரேட்டர்கள் போன் செய்தார்கள். குளிர் தொட்டிக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் தமிழ்ப் பலகையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கணினித் திரை வைக்கப் போகிறார்களாம். பலகையில் எழுதியிருப்பதை அப்படியே திரையில் ஏற்ற வேண்டும். அதில் இரண்டு சந்தேகம். ‘மீதெவிட்டிய கரைசல்’ என்றால் என்ன? கடைசி வரியில் ‘தொட்டியைக் கழுவும்போது மேல் விளிம்பில் ஒரு சாண் கழுவாமல் விடவும்’ என்று இருக்கிறதே, எந்த ஆலையில் தொட்டியை அரைகுறையாகக் கழுவச் சொல்வார்கள்? யாராவது விளையாட்டுக்கு எழுதிவிட்டார்களா?

போனில் பேசினால் நான் பாதியை விழுங்கிவிடுவேன். அதனால் எழுதித் தருகிறேன் என்றேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் கவரைப்பேட்டைக்கு உள்ளே. அப்பா, அம்மா இரண்டு பேரும் பிறர் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். கும்மிடிப்பூண்டியில் சிப்காட் வந்த பிறகு எங்கள் தெருவில் சைக்கிள் வைத்திருந்தவர்கள் எல்லோரும் கம்பெனிக்குப் போனார்கள். நானும் போனேன். மூட்டை தூக்கினேன், பாய்லருக்குத் தண்ணீர் பார்த்தேன், வடிகட்டித் துணி துவைத்தேன். அப்படி ஆறேழு வருடம் கழித்து, கொதி கலத்தில் என்னை நிறுத்தினார்கள். அதன் பிறகு ஓய்வு பெறும் வரை கொதி கலமும் குளிர் தொட்டியும்தான் என் வேலை.

எங்கள் ஆலையில் தயாரானது ஹைப்போ. வீட்டில் மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரினை எடுக்கப் போடுகிற கண்ணாடி மாதிரியான கல். ஒரு காலத்தில் போட்டோ ஸ்டூடியோக்களுக்கு நிறையப் போனது. பிறகு தோல் பதனிடும் இடங்களுக்கும், கடலோரத்தில் இறால் குஞ்சு பொரிக்கும் பண்ணைகளுக்கும் போனது.

செய்முறை சொல்கிறேன். கந்தகத்தையும் சோடியம் சல்பைட் உப்புக் கரைசலையும் கொதி கலத்தில் போட்டுக் காய்ச்ச வேண்டும். கந்தகம் கரைந்ததும் வடிகட்டி, மறுபடி சுண்டக் காய்ச்ச வேண்டும். கரைசலில் ஒரு கண்ணாடி மிதவையை விட்டால் அது எந்தக் கோடு வரை மூழ்குகிறது என்று பார்த்துப் பதத்தைச் சொல்லலாம். எங்களுக்கு ஐம்பத்தொன்று வர வேண்டும். வந்ததும் சூடாகவே குளிர் தொட்டிக்கு இறக்கிவிடுவோம். தொட்டியைச் சுற்றி இரட்டைச் சுவர், நடுவில் தண்ணீர் ஓடும். நாலு மணி நேரத்தில் கரைசல் கை பொறுக்கிற சூட்டுக்கு வந்துவிடும். அப்போது முந்திய சரக்கிலிருந்து எடுத்து வைத்த கல்லை ஒரு மக் அள்ளி உள்ளே வீசிவிட்டு, கலக்கியை மெதுவாக ஓட விடுவோம். கொஞ்ச நேரத்தில் கரைசல் முழுக்கப் பனி விழுந்த மாதிரி கல் இறங்க ஆரம்பிக்கும்.

அந்த ஒரு மக் எந்தக் காகிதத்திலும் இல்லை. எனக்கு முன்னால் தொட்டியில் நின்றவர்கள் போட்டார்கள், நானும் போட்டேன். விளிம்பில் ஒரு சாண் கழுவாமல் விடுவதும் அப்படித்தான். ஏன் என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. லேபுக்குத் தெரிந்தால் சரக்கில் அழுக்குச் சேர்கிறது என்பார்கள் என்று, லேப் ஆட்கள் இருக்கும்போது மக்கைத் தொட மாட்டோம்.

லேபுக்குப் பொறுப்பாக இருந்தவர் கலைவாணி மேடம். என்னைவிடப் பத்து வயது சின்னவர். வேப்பம்பட்டிலிருந்து வருவார். பேசின் பிரிட்ஜில் இறங்கி வண்டி மாறி கும்மிடிப்பூண்டிக்கு வர வேண்டும், ஆனாலும் எங்களுக்கு முன்னால் வந்திருப்பார். அவருக்கு ஒரு பழக்கம். எதுவானாலும் முதலில் “நீங்க என்ன பார்த்தீங்க?” என்று கேட்பார். நாம் சொல்வதை நோட்டில் எழுதி, எழுதியதைப் படித்துக் காட்டி, “சரியா?” என்பார். சரி என்று சொன்ன பிறகுதான் தன் கருத்தைச் சொல்வார். ஐந்தாம் வகுப்பு படித்தவன் சொன்னதை எம்.எஸ்சி. படித்தவர் எழுதிக்கொள்வது எனக்குக் கூச்சமாக இருக்கும். அவர் முன்னால் என் பதில் எல்லாம் “ஆமாங்க மேடம்”, “இல்லிங்க மேடம்” அவ்வளவுதான்.

தொட்டிப் பக்கத்தில் பலகையை எழுதி வைத்தது அவர்தான். வேலை முறை இங்கிலீஷில் மட்டும் இருந்தால் யாருக்குப் பயன் என்று கேட்டு, பெயிண்ட் வாங்கி வரச் சொல்லித் தன் கையாலேயே தமிழில் எழுதினார். ‘தெவிட்டாத கரைசல், தெவிட்டிய கரைசல், மீதெவிட்டிய கரைசல்’ என்று மேலே மூன்று வார்த்தை.

ஏழுமலை அதைப் படித்துவிட்டுச் சிரித்தான். ஏழுமலை எனக்கு அடுத்த ஷிப்ட்டில் தொட்டி பார்க்கிறவன், ஆரம்பாக்கத்துக்காரன். வாய் ஓயாது. எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து அவனே பேசிவிடுவான்.

“இன்னா மேடம், தெவிட்டிச்சின்னு எழுதிக்கிறீங்க. அதிரசம் துன்னாத்தான் தெவிட்டும். தண்ணிக்குமா தெவிட்டும்?”

மேடம் தூரிகையைக் கீழே வைக்காமலே சொன்னார். “அதேதான் ஏழுமலை. சாச்சுரேஷன்னு நீங்க சொல்றீங்களே, அதுவும் சாப்பாட்டு வார்த்தைதான். லத்தீன்னு ஒரு பழைய பாஷை. அதுல சாட்டுர்னா வயிறு நிறைஞ்சவன்னு அர்த்தம். அதுலேர்ந்து வந்தது. தண்ணி ஒரு உப்பைக் கரைச்சுக்கினே போகும். ஒரு அளவுல, போதும், இதுக்கு மேல வேணாம்னு நிறுத்திடும். மீதி அடியில தங்கிடும். அதான் தெவிட்டிய கரைசல். நம்ம பள்ளிக்கூட புஸ்தகத்துல இப்படித்தான் போட்டிருக்கு.”

“கொதிக்க சொல்லோ நெறைய கரையுதே மேடம்?”

“சூட்டுல பசி ஜாஸ்தி. ஆற ஆற அவ்வளவையும் வச்சிக்க முடியாது. அதிகமா இருக்கறது கல்லா வெளிய வந்துடும். நம்ம தொட்டியில நடக்கறது அதான்.”

“சரி, இந்த மூணாவது எதுக்கு? தெவிட்டினதுக்கு அப்புறமும் எவன் துன்னுவான்?”

மேடம் கொஞ்சம் யோசித்தார். “பந்தியில போதும்னு சொல்ல வெக்கப்பட்டுக்கினு, வச்சதையெல்லாம் சாப்பிடறவங்க இருக்காங்க இல்ல? அந்த மாதிரி. ஆறின அப்புறமும் வெளிய விடாம உள்ளயே வச்சிக்கினு இருக்கும். பார்த்தா ஒண்ணும் தெரியாது, தெளிவா தண்ணியாட்டம் இருக்கும். அது மீதெவிட்டிய கரைசல்.”

“அப்ப நம்ம தாஸண்ணன்னு சொல்லுங்க” என்றான் ஏழுமலை. என் பெயர் மரியதாஸ். எல்லோரும் சிரித்தார்கள். நான் வடிகட்டி பக்கம் போய்விட்டேன். பலகையில் மேடம் எழுதாத விஷயம் ஒன்று இருந்தது. மக் விஷயம். அது அவருக்குத் தெரியாது. நாங்கள் சொல்லவில்லை.

அதற்கு அடுத்த வருடம், சரக்கு வாங்குகிற பெரிய பார்ட்டி ஒன்று ஆலையைப் பார்க்க வருவதாக ஏற்பாடானது. அப்போது புதிதாக வந்திருந்த மேனேஜர் ஆலை முழுவதையும் சுத்தம் செய்யச் சொன்னார். தொட்டிப் பக்கம் வந்தவர், கல் நிரம்பிய பிளாஸ்டிக் மக்கைக் கண்டு, இது என்ன என்று கேட்டார். நான் சொன்னேன். பழைய சரக்கைப் புதுச் சரக்கில் போடுவதா, வந்தவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று மக்கைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். தொட்டி விளிம்பில் ஒட்டியிருந்த பழைய கல்லைக் காட்டி, இந்தப் பொருக்கு ஏன் இருக்கிறது, ஒரு துளி இல்லாமல் கழுவு என்றார். அதற்குப் பதில் சொல்ல என்னிடம் காரணம் எதுவும் இல்லை. பழக்கம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. சரிங்க சார் என்றேன்.

அந்தக் கழுவலை நன்றாகத்தான் செய்தேன். அதையும் சொல்ல வேண்டும். நீராவி விட்டு, வெந்நீர் அடித்து, பிரஷ் எட்டாத இடத்தில் துணி சுற்றித் துடைத்தேன். மேனேஜர் எட்டிப் பார்த்து, குட் என்றார். அத்தனை வருடத்தில் ஒரு மேனேஜர் என்னை குட் என்றது அன்றைக்குத்தான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் காலை ஷிப்ட்டில் நான் காய்ச்சினேன். மிதவை ஐம்பத்தொன்று காட்டியது. இரண்டு முறை பார்த்து எழுதினேன். பத்து மணிக்குத் தொட்டியில் இறக்கினேன். இரண்டு மணிக்கு ஏழுமலை ஷிப்ட்டுக்கு வந்தான்.

“இன்னாண்ணே, தொட்டிய கல்யாணப் பொண்ணாட்டம் குளிப்பாட்டி வச்சிக்கிற. கல்லு போட்டியா?”

“போடல. மேனேஜர் வேணாம்னுட்டாரு.”

“அவுருக்கு இன்னா தெரியும்? நான் போய் குடோன்ல ஒரு மக்கு எடுத்தாரேன்.”

“வேணாம் ஏழுமல. பார்ட்டி வர்ற நேரம். சொன்னத செஞ்சிட்டுப் போ. அதுவா வுழும்.”

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். “சரி நைனா, நீ சொன்னா சரி” என்றான். நான் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை போனபோது தொட்டியைச் சுற்றிக் கூட்டம். உள்ளே பார்த்தேன். தொட்டி முழுக்க ஒரே கல். கலக்கியின் தண்டு வளைந்து நின்றது. மோட்டார் கருகியிருந்தது. கீழே பம்ப்பும் குழாயும் கல்லாகி அடைத்திருந்தன. நடந்ததை ஹெல்பர்கள் சொன்னார்கள். சாயங்காலம் வரை ஒரு கல்லும் விழவில்லை. தொட்டி ஜில்லென்று ஆகிவிட்டது, கரைசல் தெளிவாகவே நின்றது. மேனேஜர் வந்து பார்த்துவிட்டு, பதம் வருவதற்கு முன்னாலேயே இறக்கிவிட்டீர்கள், கலக்கியை ஓட விட்டுக் கொதி கலத்துக்கே திருப்பி அனுப்பு என்றார். ஏழுமலை கலக்கியைப் போட்டு, அடி வால்வைத் திறந்து, பம்ப்பை ஓட்டினான். கொஞ்ச நேரத்தில் வால்விலிருந்து மேலே வெள்ளையாக ஒன்று ஏறியதாம். அவன் ஓடிப்போய் சுவிட்சை நிறுத்துவதற்குள் எல்லாம் இறுகிவிட்டது.

மேனேஜர் கேட்டதற்கு ஏழுமலை ஒன்று சொல்லியிருக்கிறான். “ஜில்லுனு இருந்த தொட்டி, தானா சூடாச்சு சார். கைய வச்சிப் பாத்தேன்.” அதைக் கேட்டுத்தான் அவருக்குக் கோபம் அதிகமானது. ஆறிய தொட்டி எப்படித் தானாகச் சூடாகும்? நான் சொன்னதை உடனே செய்யாமல் நீ எங்கோ தூங்கியிருக்கிறாய், எழுந்து பார்த்துப் பயந்துபோய் எதையோ திறந்துவிட்டாய், இப்போது கதை சொல்கிறாய் என்று சஸ்பெண்ட் செய்துவிட்டார். நாலாம் நாள் விசாரணை. வேலை போய்விடும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அவனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள், பெரியது அப்போது பத்தாவது.

தொட்டி சூடாகும் என்பது எனக்குத் தெரியும். மக்கிலிருந்து கல்லைப் போட்டுக் கலக்கும்போது, ஆறிக்கொண்டிருந்த சுவர் லேசாக வெதுவெதுப்பாவதை எத்தனையோ முறை முழங்கை பட்டு உணர்ந்திருக்கிறேன். அவன் பொய் சொல்லவில்லை. கழுவியது நான். கல் போடாதது நான். போடுகிறேன் என்றவனைத் தடுத்ததும் நான். இதை முதல் நாளே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். மூன்று நாள் சொல்லவில்லை. மேனேஜர் அறை வரைக்கும் இரண்டு தடவை போனேன். கதவுக்கு வெளியே இருந்த தண்ணீர் கேனில் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினேன். கடப்பாரையால் தொட்டியில் இருந்த கல்லை உடைத்து அள்ளுகிற வேலையை என்னிடம் கொடுத்திருந்தார்கள். மூன்று நாளும் அதைச் செய்தேன்.

அந்த மூன்று நாளும் மேடம் லீவு. தங்கைக்குப் பிரசவம். நாலாம் நாள் காலை அவர் லேப் கதவைத் திறக்கும்போது நான் அங்கே நின்றிருந்தேன்.

அவர் வழக்கம்போலத்தான் கேட்டார். “நீங்க என்ன பார்த்தீங்க, தாஸ்?”

நான் ஆரம்பித்தேன். மக், விளிம்பு, கழுவியது, ஏழுமலையைத் தடுத்தது எல்லாம். எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியவில்லை. அவர் எழுதிக்கொண்டே இருந்தார். படித்துக் காட்டி, “சரியா?” என்றார். சரி என்றேன்.

“இத்தனை வருஷம் ஏன் எங்கிட்ட சொல்லல?”

“அழுக்குன்னு சொல்லிடுவீங்கன்னு…”

அவர் பேனாவை மூடினார். “அது அழுக்கு இல்ல, விதை. கரைசல் கல்லா மாறணும்னா, ஒட்டிக்க ஏற்கெனவே ஒரு கல்லு வேணும். விளிம்புல ஒட்டியிருந்தது போதும், இல்லன்னா நீங்க போட்ட மக். ரெண்டும் இல்லாததால தெவிட்டிப்போயும் உள்ளயே வச்சிக்கினு இருந்திருக்கு. ஹைப்போ இதுல ரொம்ப மோசம். பம்ப்புக்குள்ள எங்கயோ பழைய கல்லு ஒண்ணு இருந்திருக்கும். அதைத் தொட்டதும் மொத்தமும் ஒரே நேரத்துல வெளிய வந்துடுச்சு. அப்படி வரும்போது சூட்டையும் வெளிய விடும். ஏழுமலை சொன்னது நிஜம்.”

பிறகு அவர் ஒரு கண்ணாடிக் குடுவையைச் சுத்தமாகக் கழுவினார். ஹைப்போ கல்லும் கொஞ்சம் தண்ணீரும் போட்டுச் சூடு காட்டினார். எல்லாம் கரைந்ததும் வாயைப் பஞ்சால் அடைத்து, குழாய்த் தண்ணீரில் பிடித்து ஆற வைத்தார். தெளிந்த தண்ணீர் மாதிரி நின்றது. விசாரணைக்கு அதை நானே எடுத்து வர வேண்டும், நானே சொல்ல வேண்டும் என்றார். குடுவையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குலுங்காமல் நடந்து போனேன். சட்டைப் பையில் ஒரு காகிதத்தில் நாலைந்து கல்.

மேனேஜர் அறையில் அவரும் ஆபீஸ் ஆட்கள் இரண்டு பேரும் இருந்தார்கள். ஓரத்தில் ஏழுமலை நின்றிருந்தான். சவரம் செய்யாத முகம். என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

“இவர் ஏன் வந்திருக்காரு?” என்றார் மேனேஜர்.

“அவர்கிட்ட விஷயம் இருக்கு சார்” என்றார் மேடம். அதற்கு மேல் அவர் பேசவில்லை.

நான் சொன்னேன். வரிசையாகச் சொல்லவில்லை, முன்னும் பின்னுமாகச் சொன்னேன். மேனேஜர் மக் வேண்டாம் என்றதையும் சொன்னேன். அவர் முகம் மாறியது. “ஒரு மக் உப்பு போடாததாலதான் மோட்டார் போச்சுங்கறியா?” என்றார்.

குடுவையை அவர் மேஜை மேல் வைத்தேன். “தொட்டுப் பாருங்க சார்” என்றேன். தொட்டார். “ஜில்லுனு இருக்கு, அதுக்கென்ன?” என்றார். பஞ்சை எடுத்துவிட்டு ஒரு கல்லை உள்ளே போட்டேன். கல் விழுந்த இடத்திலிருந்து ஊசி ஊசியாக எல்லாப் பக்கமும் ஓடியது. பத்து எண்ணுவதற்குள் குடுவை முழுக்க வெள்ளையாகிவிட்டது. நான் அதைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். ஒரு சொட்டு விழவில்லை. திருப்பி அவர் கையில் கொடுத்தேன்.

அவர் அதை வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டி, “சூடாத்தான் இருக்கு” என்றார்.

மேனேஜர் அன்றைய பேட்ச் தாளை எடுத்து வரச் சொன்னார். “யார் கழுவினது, யார் போடலன்னு எழுதி கையெழுத்துப் போடு” என்றார். அந்தத் தாளில் கடைசியாகக் குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு. அதில் நான் எதையும் எழுதியதில்லை. ‘தொட்டியை முழுதாகக் கழுவியது நான். கல் போடவில்லை. போட வந்த ஏழுமலையைத் தடுத்ததும் நான்’ என்று எழுதினேன். யார் சொல்லிப் போடவில்லை என்பதையும் எழுதட்டுமா என்று கேட்டேன். மேடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜர் தாளைத் தன் பக்கம் இழுத்து, அதை அவரே எழுதி, அவரும் கையெழுத்துப் போட்டார். அதற்காக அவரை இன்றைக்கும் மதிக்கிறேன். எனக்கு ஒரு மெமோ வந்தது. ஏழுமலை மறுநாளே வேலைக்கு வந்தான்.

வந்தவன் என்னோடு பேசவில்லை. ஷிப்ட் மாறும்போது தாளை வாங்குவான், படிப்பான், போய்விடுவான். அவன் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ, தொட்டி ஏணியில் நின்றுகொண்டு கேட்டான்.

“மூணு நாளு இன்னாண்ணே பண்ணிக்கினு இருந்த?”

“சொல்லலாம்னுதான் போனேன். பேச்சு வரல.”

“எங்க ஊட்ல மூணு நாளு அடுப்பு பத்த வைக்கல, தெரியுமா?”

அவன் ஏணியிலிருந்து இறங்கினான். பிறகு கீழே வைத்திருந்த மக்கை எடுத்து என் கையில் கொடுத்தான். “போடு. ஆறிப்போவுது” என்றான்.

மேடம் பலகையில் புதிதாக ஒரு வரி சேர்த்தார். கை பொறுக்கும் சூட்டில் ஒரு மக் கல் போட வேண்டும் என்று. அப்போதுதான் ஏழுமலை, இன்னொரு வரியும் எழுதுங்கள் என்றான். விளிம்பில் ஒரு சாண் கழுவக் கூடாது என்று.

“கல்லு போட்டா போதுமே ஏழுமலை, அது எதுக்கு?” என்று கேட்டார் மேடம்.

“நாளைக்கு இன்னொரு மேனேஜர் வருவாரு மேடம். தாஸண்ணன் மாதிரி இன்னொருத்தரு சரிங்க சார்னு போடாம வுட்ருவாரு. அன்னைக்கு தொட்டியிலயாவது கொஞ்சம் ஒட்டிக்கினு இருக்கட்டும்.”

மேடம் என்னைப் பார்த்தார். எழுதுங்க மேடம் என்றேன்.

அந்த வரி தப்பாக எழுதியது இல்லை. திரையிலும் போடுங்கள்.